பார் கவுன்சிலுக்கு உத்தரவிடப் போவது யார்?

வழக்கறிஞர்கள் (திருத்த) மசோதா 2025 பற்றிக் கருத்துச் சொல்ல மத்திய சட்ட அமைச்சகம் குறித்திருந்த கடைசி நாள் 2025 பிப்ரவரி 28. ‘மசோதாவைத்தான் வாபஸ் வாங்கிவிட்டார்களே, இனி எதற்குக் கருத்து?’ என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘வக்கீல்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை ஏன் எதிர்க்க வேண்டும்?’ என்று வேறு பலர் கேட்கிறார்கள்.

முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. மசோதா வாபஸ் ஆகவில்லை. பிப்ரவரி 22, சனிக்கிழமை வெளியான அறிவிப்பு, கருத்துக் கேட்பது இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது, திருத்திய வரைவு மறுபடியும் மக்கள் முன் வைக்கப்படும் என்றுதான் சொல்கிறது. எந்தப் பிரிவைக் கைவிடப் போகிறார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பிப்ரவரி 13 அன்று வெளியான வரைவில் இருந்த எதுவும் அடுத்த வரைவில் திரும்ப வரலாம்.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீதிமன்றப் புறக்கணிப்பால் அலைக்கழிந்த எந்தக் கட்சிக்காரரும் அதைக் கேட்பார். சட்ட ஆணையம் 2017இல் கொடுத்த 266ஆவது அறிக்கையில் தமிழ்நாட்டுக் கணக்கு உண்டு. 2011 முதல் 2016 வரை புறக்கணிப்பால் காஞ்சிபுரத்தில் 687 நாட்களும் கன்னியாகுமரியில் 585 நாட்களும் மதுரையில் 577 நாட்களும் வீணாயின. தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்கிறது அதே அறிக்கை. அப்படியானால் காஞ்சிபுரத்தில் மூன்று ஆண்டுக்கும் மேலான வேலை நாட்கள் போயிருக்கின்றன. அந்த நாட்களில் ஜாமீனுக்காகச் சிறையில் காத்திருந்தவர்களுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஆனால், வேலைநிறுத்தத்துக்குத் தடை ஏற்கெனவே இருக்கிறது. ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. எதிர்ப்பைக் காட்டக் கைப்பட்டை அணியலாம், நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே ஊர்வலம் போகலாம். நீதித்துறையின் அல்லது வழக்கறிஞர் சமூகத்தின் மாண்புக்கே ஆபத்து என்ற அரிதினும் அரிதான நிலையில் ஒரு நாள் விலகி நின்றால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் மேலே சொன்ன 687 நாட்கள் கழிந்தன. வரைவின் 35ஏ பிரிவு அதே தடையைச் சட்டமாக எழுதி, நீதிமன்றப் பணியைப் பாதிக்காத ஒரு நாள் அடையாளப் போராட்டத்துக்கு மட்டும் இடம் விடுகிறது. இதில் புதியது அதிகம் இல்லை.

புதியது 49பி. எல்லோரும் 35ஏ பற்றியே பேசியதால் இந்தச் சிறிய பிரிவு பலர் கண்ணில் படவே இல்லை. சட்டத்தையும் அதன் விதிகளையும் நிறைவேற்றத் தேவை என்று மத்திய அரசுக்குத் தோன்றினால், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலுக்கு அது உத்தரவுகள் பிறப்பிக்கலாம் என்பதே அதன் சாரம்.

அரசுக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49ஏ பிரிவு மத்திய அரசு விதிகள் வகுக்க அனுமதிக்கிறது. பார் கவுன்சில் விதியும் அரசு விதியும் மோதினால் அரசு விதியே நிற்கும். ஆனால் விதி வகுத்தால் அரசிதழில் வெளியிட வேண்டும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாட்கள் வைக்க வேண்டும். உறுப்பினர்கள் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். 49பி உத்தரவுக்கு வரைவில் இந்தப் படிகளில் ஒன்றுகூட இல்லை. நாடாளுமன்றத்தின் கண்ணில் படாமல் ஒரு கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும். என்னைக் கலங்க வைப்பது இந்த வேறுபாடுதான்.

‘சட்டத்தை நிறைவேற்ற’ என்றால் எதுவரை? வழக்கறிஞராகப் பதிவு செய்வது, ஒழுங்கு நடவடிக்கை, சட்டக் கல்லூரிக்கு அங்கீகாரம் எல்லாமே இந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. நாட்டிலேயே அதிக வழக்குகளில் கட்சிக்காரராக நிற்பது அரசு. அதை எதிர்த்து வாதாடும் வழக்கறிஞர் தன் மீது வரும் ஒழுங்கு நடவடிக்கைக்கு மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் இந்திய பார் கவுன்சில். அந்த இடத்துக்கு எதிர்த்தரப்பான அரசே உத்தரவு போடலாம் என்றால், நாளை உங்கள் நிலத்தை அரசு கையகப்படுத்தும்போது உங்களுக்காக வக்காலத்துப் போடுபவரின் தைரியம் எங்கிருந்து வரும்?

இதோடு 4ஆவது பிரிவில் செய்யும் மாற்றத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்று இந்திய பார் கவுன்சிலில் ஒவ்வொரு மாநில பார் கவுன்சிலும் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவர் இருக்கிறார். அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும் பதவி வழியில் வருகிறார்கள். இவர்களோடு மூன்று பேர் வரை மத்திய அரசே நியமிக்கலாம் என்கிறது வரைவு. மூன்று பேரால் பெரும்பான்மை வராது என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருப்பதே மூன்று பேர். அதில் இருவர் கவுன்சில் உறுப்பினர்களிலிருந்து தேர்வாகிறவர்கள். அங்கே ஒரு நியமன உறுப்பினர் வந்தால் போதும்.

உலகத் தரத்துக்கு உயர்த்துகிறோம் என்பது அமைச்சகத்தின் வாதம். வழக்கறிஞர்களின் பங்கு குறித்து 1990இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு ஏற்ற கோட்பாடுகள், வழக்கறிஞர் அமைப்பின் நிர்வாகக் குழுவை அதன் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அது வெளித் தலையீடு இல்லாமல் இயங்க வேண்டும் என்கின்றன. 49பி இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது.

பார் கவுன்சிலை நம்பித்தான் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டச் சீர்திருத்தத்தை ஊக்குவிப்பதும் அதன் கடமை என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையை எப்படிச் செய்தது? 2023 ஏப்ரலில் தன்பாலினத் திருமணத்தை நாட்டில் 99.9 விழுக்காட்டுக்கும் மேலானோர் எதிர்க்கிறார்கள் என்று தீர்மானம் போட்டது. யாரிடம் கேட்டு எடுத்த கணக்கு என்று அதில் இல்லை. 2024 ஜூனில், மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்துப் போராட வேண்டாம், அரசிடம் நாங்கள் பேசுகிறோம் என்று வழக்கறிஞர் சங்கங்களைக் கேட்டுக்கொண்டது. கைதாகும் ஒவ்வொரு குடிமகனையும் தொடும் சட்டங்கள் அவை. 2025இல் தன் அதிகாரத்தில் கை வைக்கும் வரைவு வந்ததும், அமைச்சகத்தோடு பேசி முடித்ததற்கும் வெளியான வரைவுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று சட்ட அமைச்சருக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியது. அதன் தலைவர் மனன் குமார் மிஸ்ரா ஆளும் பாஜகவின் மாநிலங்களவை உறுப்பினரும்கூட. அவரே எதிர்க்கும் அளவுக்குப் போயிருக்கிறது 49பி. கவுன்சிலின் சுதந்திரத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அந்தச் சுதந்திரத்தை யாருக்காகப் பயன்படுத்தினீர்கள் என்று அதனிடமும் கேட்க வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

இப்போது கருத்து அனுப்பலாமா? இந்தச் சுற்று முடிந்தது; அடுத்த வரைவு வந்ததும் முதலில் 4, 49பி இரண்டையும் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் வருமா? 2023இல் பார் கவுன்சிலே விதி வகுத்துவிட்டது. அந்த அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

கம்பெனியில் சட்ட வேலை பார்ப்பவர்? ‘சட்டத் தொழில் செய்பவர்’ என்ற வரையறைக்குள் அவரையும் கொண்டுவருகிறது வரைவு.

தமிழ்நாடு பார் கவுன்சிலின் பெயர் மாறுமா? ‘மெட்ராஸ் பார் கவுன்சில்’ என்று வரைவில் இருக்கிறது. 2025இல் முதல்வராக இருந்த ஸ்டாலின் இதைக் கண்டித்தார்.

என் வக்கீல் மீது புகார் கொடுக்க இந்த மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், மாநில பார் கவுன்சிலில் இன்றே கொடுக்கலாம், அங்கே ஓராண்டில் முடியாவிட்டால் 36பி பிரிவின்படி புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.