கல்லாவில் அமர்ந்திருப்போர் கவனத்திற்கு!

வணிகப் பெருமக்களே! காலையில் கடை திறந்தால் இரவு வரை கல்லாவை விட்டு எழுவதில்லை. மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. இடையில் ஐந்தாறு டீ. சர்க்கரை நோய் வர வேறென்ன வேண்டும்?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் எல்லையில் நிற்கின்றனர். எல்லையில் நிற்போர் முயன்றால் நோயைத் தடுக்கலாம்; தள்ளியும் போடலாம்.

பல ஆண்டுகள் அறிகுறியே தெரியாது. எனவே 30 வயதைக் கடந்தோர் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. அளவு 100-க்குக் கீழ் என்றால் நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் மறு பரிசோதனையிலும் வந்தால் சர்க்கரை நோயே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை இலவசம்.

வாரம் 5 நாள் அரை மணி நடை, நேரத்திற்கு உணவு, அளவான சோறு, கூடுதலாகக் காய்கறி, பயறு: இவையே தடுப்பு. வெல்லமும் கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். கேட்கும் வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்லுங்கள்.

நோயுள்ளோர், அளவு குறைந்துவிட்டதென்று தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிடங்கில் வெறுங்காலுடன் நடக்காதீர். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது. இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டே படுங்கள்.

ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கிறோம். அத்துடன் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வோம். கடைச் சிப்பந்திகளையும் அழைத்துச் செல்வோம்.