கார்லைல் அணி, 1912

பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளையர் நடை உடையைப் பழக்குவதற்கென்றே 1879-இல் பென்சில்வேனியாவில் அமெரிக்க அரசு திறந்த உறைவிடப் பள்ளி கார்லைல். அது கல்லூரியே அல்ல. ஆனாலும் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி 1911-இல் ஹார்வர்டையே 18–15 என்று வீழ்த்தியிருந்தது.

1912-இல் விதிகள் மாறின. பந்தை எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்க்கும் டச் டவுனுக்கு 6 புள்ளி; பத்து கெஜம் முன்னேற மூன்றுக்குப் பதில் நான்கு வாய்ப்பு. உடல் பருமனைவிட வேகத்தை நம்பிய கார்லைலுக்கு இது தோதாக அமைந்தது. பயிற்சியாளர் பாப் வார்னர் தந்திரங்களில் மன்னர். அணியின் வீரர் ஜிம் தோர்ப்போ அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்தார்.

நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட். எதிரே நின்றது ராணுவக் கல்லூரி அணி. ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டா பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்று 22 ஆண்டுகளே ஆகியிருந்தன; அதை கார்லைல் வீரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருந்திருக்காது. கார்லைல் 27–6 என வென்றது. தோர்ப்பை மடக்க முயன்று தோற்றவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர்.

அந்தப் பருவத்தில் 12 வெற்றி, ஒரு சமன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் மட்டும் 26–34 என்று தோற்றார்கள்.