விருந்தாளிக்கு நேரம் சரியில்லை

மாலை 7 மணி 2 நிமிடம். மென்பொருள் பொறியாளர் ஒருவர் மடிக்கணினியை அணைக்காமல் அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். மறுநாள் காலை 9 மணிக்குத் திறக்கிறார். திரையின் மூலையில் மணி 9.00. அதே திரையில், ஒரு ஜன்னலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிடம் மணி கேட்டால், நேற்று மாலை 7.02 என்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னால் மறுக்கிறது. சர்வரிலிருந்து வந்த பட்டியல் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லையாம். கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் பொறுக்க வேண்டுமாம்!

கோப்பின் மேல் தப்பில்லை. அது இன்று அதிகாலை 4 மணிக்குத் தேதியிட்டு வந்த கோப்பு. நேற்று மாலையிலேயே நின்றுவிட்டவருக்கு அது நாளைய கடிதம்.

அந்த ஜன்னலுக்குள் இருப்பது ஒரு மெய்நிகர் கணினி. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'வி.எம்.' என்பார்கள். ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளால் கட்டிய இன்னொரு கணினி. இடம் கொடுக்கும் நிஜ இயந்திரத்துக்கு ஹோஸ்ட் என்று பெயர். உள்ளே குடியிருப்பது கெஸ்ட், அதாவது விருந்தாளி. இருவருக்கும் நடுவே நின்று பிராசசரையும் நினைவகத்தையும் பங்கு போட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர். கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட விருந்தாளிகள்தான். தான் குடியிருப்பது இரவல் வீடு என்று விருந்தாளிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நினைவகம், வட்டு, நெட்வொர்க் எதிலும் இந்த வேடம் கலையாமல் பார்த்துக்கொள்ளலாம். மணி கேட்கும்போதுதான் கலைகிறது.

நிஜக் கணினியில் கடிகாரம் ஒன்று மட்டும் இல்லை, நாலைந்து இருக்கின்றன. மதர்போர்டில் நாணயம் போல ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காப்பாற்றும் கடிகாரம் அதை நம்பித்தான் ஓடுகிறது. அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை துடிக்கும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். கையில் கட்டும் குவார்ட்ஸ் வாட்சிலும் இதே கணக்குதான்.

அடுத்தது 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி. விட்டுப்போன சொத்து, ஒரு டைமர் சிப். நொடிக்கு 11,93,182 துடிப்பு. இந்த விநோத எண்ணின் பூர்விகம் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி. டி.வி.க்காக மலிவாகக் கிடைத்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 1993-ல் பென்டியம் வந்தபோது, பிராசசருக்குள்ளேயே ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கவுன்டர் வந்தது, டி.எஸ்.சி. என்று பெயர். பின்னாளில் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ஹெச்பெட், நொடிக்குக் குறைந்தது ஒரு கோடித் துடிப்பு கொண்டது. புதியது வந்ததென்று பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை. கெஸ்டுக்கும் இவை எல்லாவற்றின் நகலையும் மென்பொருளில் செய்து காட்டியாக வேண்டியிருந்தது.

பழைய இயங்குதளங்கள் நேரத்தைக் கணக்கிட்ட விதம், வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தாள் கிழிப்பது போலத்தான். டைமர் ஒரு தட்டு தட்டினால் ஒரு தாள். டாஸ் காலத்தில் நொடிக்கு 18.2 தட்டு. லினக்ஸ் 2.4-ல் 100. 2003 டிசம்பரில் வந்த 2.6-ல் அது ஒரேயடியாக 1,000 ஆனது. தனி ஆளாக ஓடும் கணினிக்கு இது பெரிய சுமை இல்லை. முப்பது விருந்தாளிகள் தங்கியிருக்கும் ஒரு சர்வரை நினைத்துப் பார்த்தால் கதை வேறு. அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருந்தாலும், நொடிக்கு 30,000 முறை யாராவது ஒருவரைத் தட்டி எழுப்பித் தாள் கிழிக்கச் சொல்ல வேண்டும். பிராசசர் வேறொருவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது தட்டுகள் தவறிப்போகும். குடும்பத்தோடு நாலு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் சுவரில் பழைய தேதியே தொங்குமே, அதே நிலைதான். கெஸ்டின் கடிகாரம் பின்தங்கியது.

இதற்கு ஹைப்பர்வைசர் நிறுவனமான விஎம்வேர் ஒரு வழி செய்தது. தவறிய தட்டுகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, கெஸ்டுக்குப் பிராசசர் கிடைத்ததும் வேகவேகமாக அத்தனையையும் கொடுத்துவிடும். நாலு தாளையும் சேர்த்துக் கிழிப்பது போல. யோசனை நல்லதுதான். ஆனால் அப்போதைய லினக்ஸ் பதிப்புகள் சிலவும் சும்மா இருக்கவில்லை. டி.எஸ்.சி.யைப் பார்த்து, "தட்டுகள் தவறியிருக்கின்றன" என்று தாமாகவே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டன. தாத்தா நாலு தாள் கிழித்துவிட்டுப் போக, பேரன் வந்து இன்னும் நாலு கிழித்த கதையானது. பின்தங்கிய கடிகாரம் இப்போது முந்திக்கொண்டு ஓடியது.

2005-ல் லினக்ஸ் தட்டு எண்ணிக்கையை 250-ஆகக் குறைத்தது. 2007-ல் வந்த 2.6.21, வேலை இல்லாதபோது தட்டவே வேண்டாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தாள் கிழிப்பதை விட்டுவிட்டு, தேவைப்படும்போது கவுன்டரைப் பார்த்து மணி சொல்லும் பழக்கம் வந்தது.

எந்தக் கவுன்டரைப் பார்ப்பது? வேகத்தில் டி.எஸ்.சி.யை அடிக்க ஆளில்லை, ஒரே கட்டளையில் எண் கையில் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அது எண்ணுவது துடிப்புகளை, நொடிகளை அல்ல. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆரம்பகாலச் சிப்புகள் வேகத்தைக் குறைத்தால் அதன் ஓட்டமும் குறைந்தது. 2008 வாக்கில் வந்த சிப்புகளில், பிராசசர் எந்த வேகத்தில் ஓடினாலும் டி.எஸ்.சி. மட்டும் ஒரே சீராக ஓடும்படி செய்தார்கள். நிஜக் கணினிக்கு அதோடு பிரச்சினை தீர்ந்தது. விருந்தாளிக்குத் தீரவில்லை, ஏனென்றால் அவர் வீடு மாறுவார்.

ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.-ஐ நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தரவு மையங்களில் அன்றாட வேலை. டி.எஸ்.சி. நொடிக்கு 240 கோடி முறை துடிக்கும் இயந்திரத்தில் ஒரு கெஸ்ட் பிறக்கிறது. "240 கோடி என்றால் ஒரு நொடி" என்று மனதில் பதித்துக்கொள்கிறது. அதை 300 கோடி துடிக்கும் இயந்திரத்துக்கு மாற்றினால், நிஜத்தில் ஒரு நொடி போகும்போது அது ஒன்றேகால் நொடி என்று கணக்குப் போடும். ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் முந்திவிடும். கெஸ்ட் டி.எஸ்.சி.யைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் குறுக்கே புகுந்து எண்ணை மாற்றிச் சொல்லலாம், ஆனால் வேகம் படுத்துவிடும். பிற்பாடு ஏ.எம்.டி.யும் இன்டெலும் இந்தப் பெருக்கல் கணக்கைச் சிப்பிலேயே வைத்தன. பழைய சிப்பும் புதிய சிப்பும் கலந்து கிடக்கும் சர்வர் கூட்டத்தில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கடைசியில் வேலைக்கு ஆனது எளிமையான ஒரு வழி: வேடத்தைக் கலைத்துவிடுவது. "நீ விருந்தாளிதான். மணி என்னவென்று என்னையே கேள்" என்று ஹோஸ்ட் ஒப்புக்கொள்வது. சென், கேவிஎம், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகிய மூன்று ஹைப்பர்வைசர்களும் ஏறக்குறைய ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தன. கேவிஎம் செய்வதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இருவரும் படிக்கக்கூடிய நினைவகத்தில், ஒரு சின்னத் துண்டுச்சீட்டு போல, ஹோஸ்ட் சில எண்களை எழுதி வைக்கிறது: டி.எஸ்.சி. இந்த எண்ணில் இருந்தபோது நேரம் இவ்வளவு. அதற்குப் பிறகு வரும் துடிப்புகளை நொடியாக்க இந்த எண்ணால் பெருக்கு. கெஸ்ட் செய்ய வேண்டியது ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கெஸ்ட் வந்து படித்துவிட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் போய்விடுமே? அதற்கும் ஒரு யுக்தி உண்டு. சீட்டின் தலையில் ஒரு வரிசை எண். திருத்தம் தொடங்கும்போது ஒற்றைப்படை, முடிந்ததும் இரட்டைப்படை. கெஸ்ட் படிக்குமுன் அந்த எண்ணைப் பார்க்கும், படித்தபின் மறுபடியும் பார்க்கும். ஒற்றைப்படையாக இருந்தாலோ, நடுவில் மாறியிருந்தாலோ, முதலிலிருந்து படிக்கும். வீடு மாறினால் புதிய ஹோஸ்ட் சீட்டைத் தன் வேகத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிவிடும். கெஸ்ட் எதையும் மறந்து மறுபடி கற்க வேண்டியதில்லை.

பி.சி.க்கு வெளியே கதை கொஞ்சம் மாறும். மெய்நிகர் கணினி என்பதையே வளர்த்தெடுத்த ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களில், 1970-ல் அறிவித்த சிஸ்டம்/370 முதலே ஒழுங்கான ஒரே நாள்-நேரக் கடிகாரம் இருந்தது. 1900 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக வைத்து எண்ணும் 64 பிட் கவுன்டர் அது. 2042 செப்டம்பர் 17-ல் நிரம்பும். கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சிப்புகளிலோ, விருந்தாளிக்கென்றே தனிக் கவுன்டர் வடிவமைப்பிலேயே உண்டு. ஆனால் அதன் வேகம் சிப்புக்குச் சிப்பு மாறும். சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 3-ல் 19.2 மெகாஹெர்ட்ஸ், பை 4-ல் 54.

இதுவரை பார்த்தது கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது. தொடங்கும்போது முள்ளை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. பேட்டரிக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். டாஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸோ அது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் காலை 10 மணிக்கு, ஹைப்பர்வைசர் பொது நேரத்தைக் கொடுத்து, உள்ளே விண்டோஸ் இருந்தால் மணி 4.30 காட்டும். உள்ளூர் நேரத்தைக் கொடுத்து, உள்ளே லினக்ஸ் இருந்தால் பிற்பகல் 3.30 காட்டும். வி.எம்.-ன் கடிகாரம் கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் தப்பினால், இங்குள்ள அட்மின்கள் வேறெதையும் தேடாமல் நேரே இந்த அமைப்பைத்தான் பார்ப்பார்கள். லண்டனில் குளிர்காலம் முழுக்க இந்தத் தப்பு கண்ணிலேயே படாது.

முள்ளைச் சரியாக வைத்தாலும் போதாது. படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி போய்விடும். அதைத் திருத்த நெட்வொர்க் வழியாக மணி கேட்கும் முறை என்.டி.பி. டெலவேர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய டேவிட் மில்ஸ் வகுத்தது, 1985-ல் வெளியானது. அவருடைய மென்பொருள் ரொம்ப நிதானமானது. வித்தியாசம் 128 மில்லிநொடிக்குள் என்றால் கடிகாரத்தைத் தாவவிடாமல் மெல்ல இழுக்கும். ஒரு நொடியைச் சரிசெய்ய அந்த இழுப்புக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வித்தியாசம் 1,000 நொடியைத் தாண்டினால், ஏதோ பெரிய கோளாறு என்று முடிவுகட்டி, தானே நின்றுவிடும். நிஜக் கணினிக்கு அது நல்ல எச்சரிக்கை. பதினான்கு மணி நேரம் தூங்கி எழுந்த விருந்தாளிக்கு அதுவே இடைஞ்சல். அதனால் வி.எம்.-களில் அந்த வரம்பை நீக்கிவிடச் சொல்வார்கள். ஹைப்பர்வைசரின் கருவி ஒரு பக்கமும் என்.டி.பி. ஒரு பக்கமும் ஒரே கடிகாரத்தை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டில் ஒன்று போதும் என்பது இன்னொரு பாடம். இப்போது பலர் விரும்புவது குரோனி என்ற மென்பொருளை. கேவிஎம்-ல் அது ஹோஸ்டின் கடிகாரத்தை நேரடியாகவே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. அலுவலகக் கணினிகளில் உள்நுழையப் பயன்படும் கெர்பரோஸ், வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் கதவைத் திறக்காது. உள்நுழையும்போது கைபேசிச் செயலி காட்டும் ஆறிலக்க எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் 15 நிமிடத்துக்கு மேல் தப்பான மணியோடு வரும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடும். நேரம் பின்னால் போனால் இன்னும் மோசம். 2017 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் லீப் நொடி என்ற கூடுதல் நொடி சேர்ந்தபோது, இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின், இணைய முகவரிகளைத் தேடித் தரும் டி.என்.எஸ். மென்பொருள் இரு தருணங்களுக்கு இடையே உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்தது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அப்படி ஒரு விடை வரும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்கவில்லை. சில சர்வர்களில் அது சுருண்டு விழுந்தது.

இந்தியாவில் இது சட்டத்துக்கும் உரிய விஷயம். 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்களும் தரவு மையங்களும் தங்கள் கணினிகளின் மணியை தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றை ஒட்டி ஓடும் சர்வரோடு, பொருத்தி வைக்க வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தால், எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று பதிவேடுகளை வைத்துத்தானே கண்டுபிடிக்க வேண்டும்?

மடிக்கணினிக்காரர் 9.06-க்கு ஒரு கட்டளை கொடுத்தார். லினக்ஸ் ஒரே தாவலில் இன்றைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முயற்சியில் புதுப்பிப்பும் இறங்கிவிட்டது. பதிவேட்டைப் புரட்டினால், நேற்று மாலை 7.03, 7.05, 7.07 என்று மூன்று வரிகள் இருக்கின்றன, அதற்கு அடுத்த வரி இன்று காலை 9.06. அந்த மூன்றும் இன்று காலை எழுதப்பட்டவை. படிப்பவருக்கு, அவர் நேற்று ஏழு மணிக்கு மேலும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார் என்றுதான் தோன்றும்.