பெரிய எஸ்யூவிகளில் தானியங்கி கியர்பாக்ஸின் ஆயுளை நீட்டித்தல்

தானியங்கி கியர்பாக்ஸ் என்பது ஓட்டுநர் கிளட்ச் மிதிக்காமல், வண்டியின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தானாகவே கியரை மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஆகும். 2 டன்னுக்கு மேல் எடை கொண்ட டொயோட்டா ஃபார்ச்சூனர், ஃபோர்டு எண்டெவர் போன்ற பெரிய எஸ்யூவிகளில் இந்த வகை கியர்பாக்ஸ் பரவலாக உள்ளது. இது முழுமையாகப் பழுதானால் சீரமைக்க லட்சக்கணக்கில் செலவாகும். ஆனால் பெரும்பாலான பழுதுகள் பற்சக்கரம் உடைவதால் வருவதில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய் சூட்டாலோ, அழுக்காலோ, நீர் கலப்பதாலோ கெட்டுப்போவதே அவற்றின் தொடக்கம். ஆகவே கியர்பாக்ஸைக் காப்பது என்பது பெரும்பாலும் அதன் எண்ணெயைக் காப்பதே.

திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், அம்பாசமுத்திரம், பாபநாசம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த எண்ணெய்க்கு மூன்று சோதனைகள் உண்டு. கோடையில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெயில், மேற்குத் தொடர்ச்சி மலை ஏற்றம், வடகிழக்குப் பருவமழைக் கால வெள்ளம் ஆகியவை அவை.

தமிழ்நாட்டுப் பின்னணி

எண்டெவர் வண்டி சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் உருவானது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதன் பின் எண்டெவர் பழைய வண்டியாக மட்டுமே கைமாறி வருகிறது. புதியது கிடைக்காத வண்டியில் கியர்பாக்ஸ் போனால், பலருக்கு அந்த வண்டியே போனதாகிவிடும். எனவே இத்தகைய வண்டி வைத்திருப்போருக்கு அதன் ஆயுளை நீட்டிப்பது முதன்மையான பராமரிப்பு ஆகிறது.

இயங்கும் முறை

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே டார்க் கன்வர்ட்டர் என்ற உருண்டையான பகுதி உள்ளது. இதற்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கும். என்ஜின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. இடையில் உள்ள மூன்றாவது பகுதி, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும்போது முறுக்கு விசையைக் கூட்டுகிறது. வேகம் சீரானதும் லாக்-அப் கிளட்ச் என்ற பகுதி இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

பின்புறம் உள்ள பற்சக்கரத் தொகுதிகளைக் கிளட்ச் தட்டுகள் இணைத்தும் விடுவித்தும் கியரை மாற்றுகின்றன. எஃகுத் தட்டின் மேல் காகிதம் போன்ற இழைப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். எண்ணெயின் அழுத்தமே இத்தட்டுகளை இறுக்குகிறது. ஆக, ஒரே எண்ணெய் விசையைக் கடத்துகிறது, தட்டுகளை இறுக்குகிறது, உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் வெளியே கொண்டு செல்கிறது. என்ஜின் ஆயில் கெட்டால் தேய்மானம் கூடும். இந்த எண்ணெய் கெட்டால் கியரே விழாமல் போகலாம்.

வெப்பம்

இந்த எண்ணெயின் வழக்கமான இயக்க வெப்பநிலை சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் ஆகும். இதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. 115 டிகிரியைத் தாண்டினால் பிசின் போன்ற படிவு உண்டாகத் தொடங்கும். இன்னும் சூடேறினால் ரப்பர் சீல்கள் இறுகி, எண்ணெய் அழுத்தம் கசியும். பிறகு தட்டுகள் வழுக்கும். வழுக்கல் மேலும் சூட்டை உண்டாக்கும்.

டார்க் கன்வர்ட்டரில் இரண்டு விசிறிகளின் வேகமும் வேறுபடும்போதுதான் சூடு அதிகம் பிறக்கிறது. முக்கூடலில் இருந்து அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை செல்லும் பயணத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மணிமுத்தாறு வரை சமவெளிச் சாலையில் லாக்-அப் கிளட்ச் பிணைந்திருப்பதால் சூடு குறைவு. அதன் பின் வரும் கரடுமுரடான மலைப்பாதையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும்போது லாக்-அப் விடுபட்டு, எண்ணெய் நெடுநேரம் கடையப்படுகிறது. வண்டி மெதுவாகப் போவதால் முன்புறக் கூலருக்குக் காற்றும் குறைவாகவே கிடைக்கும். கடற்கரை மணலிலும் தேரிக்காட்டுச் செம்மணலிலும் சக்கரம் புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க முயலும்போது, சில நிமிடங்களிலேயே இதைவிட அதிகச் சூடு உண்டாகலாம்.

ஓட்டும் முறை

• ஏற்றத்தில் கைமுறை நிலைக்கு மாறி, தாழ்ந்த கியரில் செல்வது நல்லது. என்ஜின் சற்று வேகமாகச் சுழல்வதால் எண்ணெய் பம்பும் கூலருக்குக் கூடுதல் எண்ணெயை அனுப்பும்.
• ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது. பிரேக்கையே பயன்படுத்த வேண்டும்.
• இறக்கத்திலும் தாழ்ந்த கியரே பொருத்தம். நியூட்ரலில் உருளவிட்டால் என்ஜின் தடை கிடைக்காது. பிரேக் சூடேறி வலுவிழக்கும்.
• வண்டி முழுதாக நின்ற பிறகே ‘டி’யில் இருந்து ‘ஆர்’ நிலைக்கோ ‘பி’ நிலைக்கோ மாற்ற வேண்டும்.
• சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் கைப்பிரேக் போட்டு, அடுத்து ‘பி’ போட வேண்டும். இல்லையெனில் 2 டன் எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் தொங்கும்.

எண்ணெய் மாற்றம்

சில நிறுவனங்கள் இந்த எண்ணெயை வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்கின்றன. ஆனால் பல கையேடுகளிலேயே மலைப்பாதை, கடும் வெயில், புழுதி, அதிகச் சுமை ஆகியவை ‘கடுமையான பயன்பாடு’ எனத் தனியாகக் குறிக்கப்படுகின்றன. அத்தகைய பயன்பாட்டில் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுவது பொதுவான நடைமுறை. கையேடு இதைவிடக் குறைந்த தூரத்தைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வெளியேறாது. டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே மாறும். அதனால் சிறிது தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் வடித்து நிரப்புவது உண்டு. வடிகட்டியையும், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தையும் அப்போதே கவனிக்க வேண்டும்.

எண்ணெயின் வகை மிக முக்கியம். ஆறு கியர் கொண்ட ஃபார்ச்சூனருக்கு டபிள்யூஎஸ் வகை எண்ணெய். பத்து கியர் கொண்ட எண்டெவருக்கு மெர்கான் யூஎல்வி. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் தட்டுகளின் உராய்வுத் தன்மை மாறிவிடும். அளவுக் குச்சி இல்லாத கியர்பாக்ஸில், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் மட்டத்தைப் பார்க்க முடியும். எனவே இதைக் கருவி உள்ள பட்டறையில் செய்வதே முறை.

நீரும் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகரின் சந்திப்புப் பகுதி வரை வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் பெரிய எஸ்யூவியும் தப்பாது.

கியர்பாக்ஸின் மேற்பகுதியில் காற்று போய்வர ஒரு மூச்சுத் துளை உண்டு. சூடான கியர்பாக்ஸ் நீரில் மூழ்கிச் சட்டெனக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியே உள்ள நீரை உறிஞ்சும். எவ்வளவு ஆழ நீரைக் கடக்கலாம் என்று நிறுவனம் சொல்லும் அளவு, மெதுவாகக் கடந்து செல்வதற்கானது. இரவெல்லாம் நீரில் நிற்பதற்கானது அல்ல. உள்ளே புகும் நீரால் தட்டுகளின் இழைப்பொருள் ஊறிப் பசை விடும்; வால்வுகளிலும் துரு ஏறும். வெள்ளம் வடிந்த அன்று நன்றாக ஓடிய வண்டி, சில வாரங்கள் கழித்து வழுக்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சக்கரங்கள் தரையில் படாதபடி தட்டையான மீட்பு வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். என்ஜின் ஓடாதபோது எண்ணெய் பம்பும் ஓடாது. அந்நிலையில் இழுத்துச் சென்றால் உள்ளிருக்கும் பகுதிகள் எண்ணெயின்றி உராயும். பிறகு எண்ணெயைச் சோதித்து, நீர் கலந்திருந்தால் முழுதாக மாற்ற வேண்டும். காப்பீட்டில் வெள்ளநீரால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகத் தனி இணைப்புத் தேவைப்படும் என்பதால், மழைக்காலத்துக்கு முன்பே அதைச் சரிபார்ப்பது நல்லது.

வெள்ளம் இல்லாமலும் நீர் புகக்கூடும். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய் ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய் வழியாகவே குளிர்கிறது. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் உப்புக் கிணற்று நீரை ஊற்றி வந்தால் அக்குழாய் அரித்து, இரண்டும் கலந்துவிடும்.

அறிகுறிகள்

• எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் சூடேறியுள்ளன.
• ரோஸ் மில்க் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது.
• ‘டி’ போட்டபின் வண்டி நகரத் தாமதித்தால் எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கலாம்.
• வேகம் கூடாமல் என்ஜின் சுழற்சி மட்டும் ஏறினால் தட்டுகள் வழுக்குகின்றன.

பழைய எஸ்யூவி வாங்குவோர், குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓட்டிய பின் ஒருமுறையும் கியர் விழுவதைச் சோதிக்க வேண்டும். சூடானபின் மட்டும் தெரியும் குறைகள் பல உண்டு. எண்ணெய் மாற்றிய ரசீது, வெள்ளக் காப்பீட்டுக் கோரிக்கை ஆகிய விவரங்களையும் கேட்டுப் பெறலாம். ஏற்கனவே வழுக்கும் கியர்பாக்ஸைப் புது எண்ணெய் குணமாக்காது. தேய்ந்த தட்டுகளை மாற்றுவதே தீர்வு.