கேட்டும் கேட்காமலும்

"மேல்வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க, தூங்க முடியலை" என்று என் மனைவி ஓர் இரவு எழுந்து உட்கார்ந்தாள். 2019ஆம் ஆண்டு மார்கழிக் குளிர். தில்லியில் அந்த நேரத்தில் யார் தண்ணீர் மோட்டார் போடுவார்கள்? மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. இரைச்சல் அவள் காதுக்குள் இருந்தது.

அவள் முப்பது வருடங்களாக நம் குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்து வந்தவள். இரைச்சல் வந்த மூன்றாம் வாரம் வீணைக்கு உறை போட்டுவிட்டாள். "இந்த இரைச்சலுக்கும் ஒரு சுருதி இருக்குங்க. அது என் வீணையோட சேர மாட்டேங்குது" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் "பழகிக்கொள்ளுங்கள்" என்று எழுந்துவிட்டார். வேறோர் இடத்தில், செவித்திறன் சோதிக்கும் ஒரு பெண்தான் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாள். பூரண நிசப்தத்தில் இந்த இரைச்சல்தான் ராஜா. அறையில் மெல்லிய ஒலி ஏதாவது இருக்கட்டும். இரைச்சலை அமுக்கும்படி வேண்டாம், அதைவிட ஒரு பிடி குறைவாக. மனம் மெல்ல மெல்ல இரைச்சலைத் தேடுவதை விட்டுவிடும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எம்.எஸ். போட்டேன். வேலைக்காகவில்லை! சங்கீதம் தெரிந்தவளுக்குச் சங்கீதம் தாலாட்டாகுமா? விரல் தானாகத் தாளம் போடுகிறது, மனம் அடுத்த சங்கதிக்குக் காத்திருக்கிறது. பாட்டு முடியும்போது அவள் முன்னைவிட விழிப்பாக இருந்தாள்.

புனேயிலிருந்து எங்கள் பெண் போன் செய்து, "அப்பா, ஆம்பியன்ட் மியூசிக் போட்டுப் பாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் கரோல்பாக் கேஸட் கடைகளில் அருவிப் படம் போட்ட அட்டையோடு 'மன அமைதிக்கு' என்று விற்றார்களே, அந்தச் சரக்குதானே? பல் டாக்டரின் வரவேற்பறைக்குத்தான் லாயக்கு என்று நானே பலரிடம் பேசியிருக்கிறேன். இருந்தாலும் வேறு வழியில்லாமல் கேட்கவும், தேடிப் படிக்கவும் ஆரம்பித்தேன்.

இந்த யோசனை பழையது. எரிக் ஸாட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டிலேயே 'மேஜை நாற்காலி சங்கீதம்' என்று ஒன்று எழுதினார். அறையில் நாற்காலி இருப்பதுபோல் அதுவும் இருக்கும், யாரும் உற்றுக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர் சூட்டி ஊன்றியவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. 1975இல் அவர் டாக்ஸியில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டு சுழலத் தொடங்கிய பிறகுதான் சத்தம் மிகக் குறைவு என்று தெரிந்தது. எழுந்து கூட்டுவதற்கு உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்தோடு ஹார்ப் நாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தபோது, இப்படியும் இசை இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

1978இல் ஈனோ விமான நிலையங்களுக்கென்று ஓர் ஆல்பம் செய்தார். அதன் சூட்சுமம் நமக்குப் புரியாததல்ல. வெவ்வேறு நீளமுள்ள டேப்புகளை வளையமாக ஒட்டி ஒரே சமயத்தில் ஓடவிட்டார். ஆதி தாளத்துக்கு எட்டு, மிஸ்ர சாபுவுக்கு ஏழு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 56ஆம் எண்ணிக்கையில்தானே ஒன்றுகூடும்? அவருடைய வளையங்கள் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை. அதனால் அதே சில ஸ்வரங்கள்தான் என்றாலும் அடுத்து எது வரும் என்று ஊகிக்க முடியாது. காத்திருக்கவும் தோன்றாது. என் மனைவிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

'நியூ ஏஜ்' என்பது இதன் ஒன்றுவிட்ட தங்கை. அமெரிக்காவில் யோகா, தியான வகுப்புகளோடு வளர்ந்தது. ஆரம்பத்தில் இசைக்கடைகளைவிடப் புத்தகக் கடைகளிலும் இயற்கை உணவுக் கடைகளிலும்தான் அதிகம் கிடைத்தது. 1987 முதல் அதற்குத் தனி கிராமி பரிசு உண்டு. நம் சென்னையில் வளர்ந்த சந்திரிகா டாண்டன் 2025ஆம் ஆண்டு 'திரிவேணி'க்காக அதைப் பெற்றார். இந்தப் பெயரில் குப்பையும் ஏராளம். சக்கரங்களைச் சுத்தம் செய்யும், இன்ன அதிர்வெண் இன்ன நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் விற்பவர்களை நான் நம்புவதில்லை. மாக்ஸ் ரிக்டர் என்பவர் 2015இல் தூங்குவதற்கென்றே எட்டு மணி நேர இசை எழுதி, கச்சேரிக்கு வந்தவர்களுக்குக் கட்டிலும் போட்டுக் கொடுத்தார். விடிய விடிய நாதஸ்வரம் கேட்ட ஊர்க்காரர்கள் நாம். திண்ணையில் படுத்தபடி கேட்டதற்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை!

அவளுக்குப் பிடித்ததோ, நம் வீட்டிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் பிறந்த ஒரு தட்டு. பால் ஹார்ன் என்ற அமெரிக்கப் புல்லாங்குழல்காரர் 1968இல் ரிஷிகேசத்தில் மகரிஷியிடம் வந்திருந்தவர். ஓர் இரவு தாஜ்மகாலுக்குள் போய்த் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். அந்தக் குவிமாடத்தில் ஒரு ஸ்வரம் அடங்க ஏறக்குறைய அரை நிமிடமாகும். ஆகவே அவர் ஊதுகிறார், நிறுத்துகிறார், போன ஸ்வரம் திரும்பி வரும்வரை நிற்கிறார், அதன்மேல் அடுத்ததை வைக்கிறார். இடையில் அங்கிருந்த காவலாளி ஒருவரின் குரலும் எழும்பிச் சுழல்கிறது. நியூ ஏஜ் இசையின் மூலத்தட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

முதல் இரவு கேட்டபோது, "தம்பூராவை மீட்டிட்டு விரலை எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். ஒரு வாரம் கழித்து, "அந்தக் காவலாளி சுருதி பார்த்துக்கிட்டு நிக்கறார், கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை. அவள் இத்தனை நாளில் தானாகச் சங்கீதம் பேசியது அன்றுதான்.

இரைச்சல் போய்விடவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சில நாள் குறைவு, சில நாள் தாங்க முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் வீணை உறை கழன்றது. இப்போது ஒரே ஒரு மாணவி, சனிக்கிழமை காலை. மூன்றாம் பிளாக்கிலிருந்து வரும் பெண், வர்ணம் வரை வந்துவிட்டாள்.

இரவில் அந்தத் தட்டின் சத்தத்தை அவளேதான் திருகி வைக்கிறாள். கட்டிலில் என் பக்கம் அது கேட்பதே இல்லை.