பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

உத்தியோகத்தின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பிற ராஜ்யங்களில் குடியேறியிருக்கும் நமக்கு, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் பருவத்தில் ஒரு கேள்வி எழுகிறது. தமிழ் வகுப்பு வேண்டுமாயின் யாரைக் கேட்பது? மத்திய சர்க்காரையா, ராஜ்ய சர்க்காரையா, நகரசபையையா? இதை அறியாமல் அலைவோர் நம்மில் பலர்.

1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்துக்குப்பின் ஆரம்பக் கல்வியில் ஸ்தல ஸ்தாபனங்களின் பங்கு வளர்ந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கல்வியை மாகாண மந்திரிகளிடம் ஒப்படைத்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டமும் அதனைப் பெரும்பாலும் ராஜ்யங்களுக்கே விட்டது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அதை மத்திய, ராஜ்ய சர்க்கார்களுக்குப் பொதுவான பட்டியலில் சேர்த்தது. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தத்தின்படி, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க விஷயங்களில் ஆரம்பப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் அடங்கும். எனினும், எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை ராஜ்ய சட்டசபையே முடிவு செய்கிறது.

இவ்விரு அதிகாரங்களில் எது நமக்கு நன்மை பயக்கும்? மும்பையைப் பார்ப்போம். ஆரம்பப் பள்ளிகளைப் பேணுவதை 1888-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நகராட்சியின் கடமையாக்கியது. மராத்தி, குஜராத்தி, உருது முதலியவற்றோடு தமிழிலும் மாநகராட்சி பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. ராஜ்யம் முழுவதையும் கணக்கிட்டால் தமிழ்க் குழந்தைகள் மிகச் சிறு தொகையினரே. தாராவி போன்ற ஒரு பகுதியை மட்டும் கணக்கிட்டாலோ, அவர்கள் பல வகுப்புகளை நிரப்பக்கூடியவர்கள். அருகிலுள்ள ஸ்தாபனத்துக்கே இத்தேவை எளிதில் புலப்படும்.

ஆயினும் ஸ்தல அதிகாரம் மட்டும் போதாது. உள்ளூர்ப் பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் மொழியைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம். பாடபுஸ்தகம் தயாரிப்பதும் உபாத்தியாயர்களைப் பயிற்றுவிப்பதும் ஒரு சிறு நகரசபையால் தனித்து ஆகக்கூடியவை அல்ல. இக்காரணத்தால்தான் 1949-இல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு பொது அளவு ஒன்றை வகுத்தது: பள்ளி முழுவதிலும் 40 குழந்தைகளோ, ஒரு வகுப்பில் 10 குழந்தைகளோ இருப்பின், அவர்களுடைய தாய்மொழியில் கற்பிக்க உபாத்தியாயர் ஒருவரை நியமிக்க வேண்டும். 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ ஷரத்து, ஆரம்ப நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க ஒவ்வொரு ராஜ்யமும், அதனுள் அடங்கிய ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் முயல வேண்டும் என்கிறது. இருவர்மீதும் பொறுப்பு உண்டு; ஆனால் 'முயல வேண்டும்' என்ற அளவிலேயே அது நிற்கிறது. நாம் கேளாவிடில் அம்முயற்சி தொடங்காமலே போகலாம்.

எனவே, பள்ளிச் சேர்க்கைக்கு முன்னரே நம் பகுதியிலுள்ள தமிழ்க் குழந்தைகளின் தொகையைத் திரட்டி, பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டு, பள்ளியை நடத்தும் ஸ்தாபனத்திடம் முதலில் மனுச் செய்தல் நன்று. அதன் பிரதி ராஜ்யக் கல்வி இலாகாவுக்கும் செல்ல வேண்டும். இரண்டிலும் பயனில்லையேல், மொழிச் சிறுபான்மையினருக்கென 350-பி ஷரத்தின்படி நியமிக்கப்படும் விசேஷ அதிகாரிக்கு எழுதலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரோ பாதுகாவலரோ ஆவர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். அந்த இடங்களை நாம் வெறுமையாக விடலாகாது.

தமிழ் வகுப்பில் தொகை குறைந்தால் அது மூடப்படும் அபாயம் உண்டு. மூடிய வகுப்பை மீண்டும் திறப்பது அரிது. நம் குழந்தைகள் தாய்மொழியில் எழுதப் படிக்க அறிவது, சர்க்காரின் சட்டத்தோடு நம் ஒற்றுமையையும் பொறுத்ததாகும்.