அணைத்தாலும் அடங்காத மேக்னெட்டோ

பழைய விமானம் என்றாலே அட்டைப்படத்துக்கு மஞ்சள் நிறப் பைப்பர் கப் வந்து நின்றுவிடுகிறது. 1930-களின் கடைசியிலிருந்து 1947 வரை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 20,000 விமானங்கள் இந்த மாடலில் உருவாயின. இன்றும் பலர் அதைத் தேடிப்பிடித்து, துணி மாற்றி, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுகிறார்கள். பெயின்டைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நாம் இன்ஜினின் பின்பக்கம் போவோம். அங்கே கரிய நிறத்தில் இரண்டு மேக்னெட்டோக்கள் உட்கார்ந்திருக்கின்றன.

கப்பில் பெரும்பாலும் இருக்கும் கான்டினென்டல் ஏ-65 நான்கு சிலிண்டர், 65 குதிரைத்திறன் இன்ஜின். பேட்டரி, ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் எதுவும் கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். மேக்னெட்டோவுக்குள் காந்தம் சுழன்று தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நம்மூர் ஃபிளையிங் கிளப்களில் ஒரு காலத்தில் ஓடிய புஷ்பக் விமானத்தின் சி-90 இன்ஜினும் இதே குடும்பம்தான்.

மேக்னெட்டோவுக்கு இரண்டு டைமிங் உண்டு. பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது உள் டைமிங். காந்தம் நடுநிலையைத் தாண்டிச் சில டிகிரி போன பிறகுதான் மின்சுற்றைத் துண்டிக்கும் பாயிண்ட் திறக்க வேண்டும். காயிலில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான். முன்பின் ஆனால் பொறி மெலிந்துவிடும். இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது படுத்தும். அதேபோல, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரத்தில் சரிவாகச் சீவிய ஒரு பல் இருக்கும். எதிர்ச் சக்கரத்தின் குறியோடு அதைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். சில மாடல்களில் வலச்சுற்றுக்கு ஒரு குறி, இடச்சுற்றுக்கு ஒரு குறி. அவசரத்தில் குறி மாறினால் பொறி வேறு சிலிண்டருக்குப் போகும்.

அடுத்தது இன்ஜினோடு சேர்க்கும் டைமிங். ஏ-65-இல் பிஸ்டன் உச்சிக்கு வர 30 டிகிரி இருக்கும்போதே பொறி விழ வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் பைலட் பக்கம், வலது பின்புறம். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, புரொப்பெல்லரை மெல்ல நகர்த்துவார் மெக்கானிக். கம்ப்ரெஷன் விரலைத் தள்ளினால் சரியான சுற்று. 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் அங்கிருந்தே பின்னுக்குத் திருப்பிக் குறியில் நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், ஓடும் திசையிலேயே மறுபடி வர வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தளர்வு அப்போதுதான் தீரும். நட்டுகளைக் கைமுறுக்கோடு விட்டு, மேக்னெட்டோவின் உடலை உள்ளங்கையால் லேசாகத் தட்டுவார். பாயிண்ட் திறப்பதைக் காட்டும் டைமிங் பெட்டியின் விளக்கு மாறும் கணத்தில் இறுக்குவார். இரண்டு மேக்னெட்டோக்களின் விளக்குகளும் ஒன்றாக மாற வேண்டும். அரை டிகிரிக்காக அரை மணி நேரம் தட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

என்னை உறுத்துவது அந்த விளக்குப் பெட்டிதான். சுவிட்ச் ஆனில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதாவது, உயிருள்ள மேக்னெட்டோவை வைத்துக்கொண்டு புரொப்பெல்லரைக் கையால் நகர்த்துகிறோம். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கையாவது கழற்றிவிட வேண்டும் என்பது. ஒன்றாம் சிலிண்டரில் மட்டும் கழற்றிவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே விடுவது சோம்பேறித்தனம் அல்ல, சூதாட்டம்.

சுவிட்சை ஆஃப் செய்துவிட்டாலும் நிம்மதி இல்லை. வீட்டு விளக்கின் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படும், இங்கே நேர்மாறு. ஆஃப் என்றால், பி-லீட் என்கிற ஒற்றைக் கம்பி காயிலை எர்த்தோடு சேர்க்கிறது. அந்தக் கம்பி அறுந்தாலோ அதன் முனை தளர்ந்தாலோ, சாவி ஆஃபில் இருக்கும். மேக்னெட்டோ ஆனில் இருக்கும். கையால் மெதுவாகத்தானே தள்ளுகிறோம் என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்டார்ட் செய்வதற்கென்றே இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு சுருள்வில் சாதனம் இருக்கிறது. எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் வில்லை முறுக்கி, 'டக்' என்று விடுவித்து, முழு வலுவோடு பொறியைத் தந்துவிடும். சூடான சிலிண்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவி போதும். புரொப்பெல்லர் அருகே கை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் பாயிண்ட் தேய்மானத் தொல்லை போகும் என்பார்கள், போகலாம். பேட்டரியே இல்லாத விமானத்துக்கு அந்த யோசனையை யார் சொல்வது?

500 மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைப் பிரித்துப் பார் என்பது பரவலான விதி. வருடத்துக்கு 40 மணி நேரம் பறக்கும் கப் அந்தக் கணக்கை எட்டப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கிரீஸ் காய்ந்துவிடும், கண்டென்சர் பலவீனப்படும். கேமில் உரசும் கட்டை தேய்ந்து பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். மணிக்கணக்கை மட்டும் நம்பி, நாள்காட்டியை மறக்கிற உரிமையாளர்கள் அதிகம்.

புறப்படும் முன் ஒவ்வொரு மேக்னெட்டோவாக ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜினின் சுழற்சி வேகம் சற்றே குறைய வேண்டும். குறையவே இல்லை என்றால் புது பைலட் மகிழ்ந்துபோவார். பழகிய மெக்கானிக்கோ உடனே இன்ஜினை நிறுத்தச் சொல்வார். அணைந்திருக்க வேண்டிய மற்றது அணையவில்லை என்று அதற்குப் பொருள். பறந்து வந்தபின் இன்னொரு சோதனை உண்டு: ஐட்லிங்கில் சாவியை ஒரு நொடி ஆஃப் செய்து பார்ப்பது. இன்ஜின் தடுமாறினால் பி-லீட்கள் இரண்டும் நலம். வேகமாக ஓடும்போது இதைச் செய்யக் கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் சேர்ந்து, சாவியைத் திருப்பியதும் வெடித்து மஃப்ளரைக் கிழித்துவிடும்.